கெராதியில் இறங்கியவர்

நவம்பர் மாதத்தில் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து எங்கள் அர்மிரா தீவுக்குக் கப்பலேறுகிறவர்கள் இரண்டே வகை. வாந்தி எடுப்பவர்கள் ஒரு வகை. தங்களுக்கு வாந்தியே வராது என்று வழியெல்லாம் பெருமையடித்துவிட்டுக் கடைசியில் எடுப்பவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டிலும் சேர மாட்டேன். ஜன்னலோரமாக உட்கார்ந்து, ஒரு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு, யாரோடும் பேச்சுக் கொடுக்காமல் வருவேன். அதனால் எனக்குத் திமிர் என்று ஊரில் சொல்வார்கள். வாயில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் சொல்வதை எல்லாம் நான் பொருட்படுத்துவதில்லை.

நீங்கள் வடக்கே மலைநாட்டுக்காரர் என்று கேள்விப்பட்டேன், தம்பி. துறைமுகக் காவல் அதிகாரிக்குக் கடலே பழக்கமில்லை என்பது உங்கள் குற்றமல்ல, உங்களை இங்கே அனுப்பியவர்களின் குற்றம். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். நடுவில் குறுக்கிடாமல் இருந்தால் நம் இரண்டு பேருக்கும் நல்லது.

என் பெயர் அர்கிரோ. என் கணவர் ஸராந்திஸ் தண்ணீர்க் கப்பல் ஓட்டியவர். ஊற்று இல்லாத சின்னத் தீவுகளுக்குக் கோடையில் குடிதண்ணீர் கொண்டுபோய்த் தொட்டியில் இறைத்துவிட்டு வருகிற கப்பல். அதற்கு அவர்தான் கேப்டன். ஊரில் எல்லோரும் எழுந்து நின்று வணக்கம் சொல்வார்கள். தண்ணீர் கொண்டுவருகிறவனை யாருக்குத்தான் பிடிக்காது. அவர் போன தீவுகளில் ஒன்று கெராதி. அங்கே ஆடுகள் அதிகம், மனிதர்கள் குறைவு, இரண்டுக்கும் பெரிய வித்தியாசமும் கிடையாது. மற்ற தீவுகளில் மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிடும். கெராதியில் மட்டும் இரண்டு நாள், சில சமயம் மூன்று நாள் ஆகும். அந்த ஊர்த் தொட்டி மெதுவாக நிறைகிறது என்பார் என் கணவர். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொல்வார்.

அந்தத் தொட்டியின் பெயர் ஃபிலியோ. ஒரு மீனவனின் விதவை. துறைக்கு எதிர்ப்பக்கம், மலையின் பின்னால் இருக்கும் சிறு வளைகுடாவில் தனியாக ஒரு கல் வீட்டில் இருந்தாள். ஒரே ஒரு முறை, கெராதித் திருவிழாவில், அவளை நேரில் பார்த்திருக்கிறேன். குட்டையான உருவம், சிவந்த கன்னம், ஈறு தெரியச் சிரிப்பு. ஏதோ பலகாரத் தட்டை நீட்டி, "எடுத்துக்கங்கக்கா" என்றாள். எடுத்துக்கொண்டேன். உப்பு அதிகம். இதைப் போய் அழகு என்று ஒரு மனிதன் இருபத்தைந்து வருடம் நினைத்திருக்கிறான் என்றால், அவனுடைய ரசனையைப் பற்றி எனக்கு இரக்கம்தான் வந்தது. கோபம் வரவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கெல்லாம் தெரியும். எனக்குத் தெரியாது என்று ஊர் நினைத்தது. எனக்குத் தெரியாது என்று ஊர் நினைப்பதும் எனக்குத் தெரியும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவளுக்கும் பிறக்கவில்லை என்பது எனக்கு ஆறுதல் என்று கோயில் வாசலில் பேசிக்கொண்டார்களாம். பேசுவதற்கு வேறு விஷயமே இல்லாதவர்கள். நான் சமைத்தேன், துவைத்தேன், அவருடைய சட்டைகளுக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்தேன். கெராதிக்குப் போகும் சட்டைக்கும் அதே கஞ்சிதான்.

அப்புறம் அவருக்கு மறதி நோய் வந்தது.

ஒரு நாள் காலையில் சமையலறையில் உட்கார்ந்திருந்தவர், "ஃபிலியோ கண்ணு, அந்தக் கதவைச் சாத்துடி. காத்து வருது" என்றார். வாய் தவறிச் சொல்கிறார் என்று கதவைச் சாத்தினேன். வாய் தவறவில்லை. அன்றிலிருந்து நான்தான் ஃபிலியோ. என் கையைப் பிடித்துத் தடவிக்கொண்டு, "உன் கை என்னா மிருதுவா இருக்கு" என்பார். என் கை மிருதுவானதல்ல. சலவைச் சோடாவில் வெந்து காய்த்துப்போன கை. அதைக்கூடத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளாத மனிதர்.

சில நாள் சாயங்காலம் ஆனால் முகம் வாடிப்போகும்.

"கிளம்பணும்டி. மனசே வரல."

"எங்க கிளம்பணும்?"

"அவகிட்டதான். அந்தப் புளிச்ச மூஞ்சிக்காரிகிட்ட. வீட்டுக்குள்ள நுழைஞ்சாலே ஆஸ்பத்திரிக்குள்ள போற மாதிரி இருக்கும். எல்லாம் சுத்தமா வச்சிருப்பா. சிரிக்க மட்டும் தெரியாது. ஒரு பேச்சு கிடையாது, ஒரு சண்டை கிடையாது. கல்லோட குடும்பம் நடத்துற மாதிரிதான்."

"அப்புறம் ஏன் அவளைக் கட்டிக்கிட்டீங்க?"

"எங்கப்பா வாக்குக் குடுத்துட்டாரு. விடு, அவ பேச்ச எடுக்காத."

நான் அவர் வாயைத் துடைத்துவிட்டேன். மறுநாளும் கேட்டேன். அதற்கு மறுநாளும். எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, தகவல் என்ற அளவில்தான் கேட்டேன். தினமும் சாயங்காலம் அவருக்குப் புதினாக் கஷாயம் போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து, அவளைப் பற்றி, அதாவது என்னைப் பற்றி, கேட்பேன். அவரும் மறைக்காமல் சொல்வார். என் அம்மா செத்தபோது நான் அழாமல் இருந்ததை அவளிடம் நடித்துக் காட்டுவாராம். எனக்கும் நடித்துக் காட்டினார். நான் தூங்கும்போது வாய் திறந்திருக்குமாம். ஒரு நாள் நன்றாகச் சிரித்துவிட்டு, "ஊர் ஊராத் தண்ணி கொண்டுபோறேன், ஃபிலியோ. என் வீட்டுலதான் வறண்ட கிணறு" என்றார். இருபத்தைந்து வருடம் அவர்கள் இருவரும் சிரித்த நகைச்சுவை போலிருக்கிறது. என் முகத்தைப் பார்த்தார். நான் சிரிப்பதற்காகக் காத்திருந்தார்.

சிரித்தேன். நோயாளியின் மனம் நோகக் கூடாது அல்லவா.

இப்படி ஒரு வருடத்துக்கு மேல் போயிற்று. இந்த நவம்பரில் ஏதென்ஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். எல்லாச் சோதனையும் செய்தார்கள். மருத்துவர் இளம்பெண், நல்ல செய்தி சொல்கிறவர்களுக்கே உரிய முகத்தோடு வந்தாள்.

"மறதி இனிமே சரியாகாதும்மா. ஆனா உடம்பு பிரமாதமா இருக்கு. இருதயம் முப்பது வயசுப் பையனோடது மாதிரி ஓடுது. நீங்க இப்படியே பாத்துக்கிட்டீங்கன்னா இன்னும் பதினஞ்சு வருஷம் தாராளமா இருப்பாரு."

நான் நன்றி சொன்னேன். அவர் வழி தவறிவிடக் கூடாது என்று அங்கிருந்த செவிலி அவர் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிவிட்டாள். அதில் அவர் பெயரும் எங்கள் வீட்டுத் தொலைபேசி எண்ணும் இருந்தன.

மறுநாள் காலை பிரேயஸில் 'அயா தெக்லா' கப்பல் ஏறினோம். வடகாற்று முந்தின நாளே தொடங்கியிருந்தது. இதுதான் கடைசிக் கப்பல், இதற்குப் பிறகு கப்பல்களுக்குத் தடை, எப்போது நீங்கும் என்று சொல்ல முடியாது என்று ஒலிபெருக்கியில் மூன்று மொழிகளில் சொன்னார்கள். நான் ஒரு மொழியில் கேட்டேன், போதுமானதாக இருந்தது.

எங்கள் பாதிரியாரின் மனைவி அக்லாயியாவும் அதே கப்பலில் வந்தாள். இரண்டு தலையணை, ஒரு கூடைப் பலகாரம், ஓயாத வாய்.

"அடி அர்கிரோ! டாக்டர் என்ன சொன்னாங்க?"

"உடம்பு நல்லா இருக்காம்."

"மாதாவே, உன் கருணை! கேப்டன், என்னைத் தெரியுதா? நான் யாரு சொல்லுங்க பாப்போம்?"

என் கணவர் அவளை உற்றுப் பார்த்து, "நீ குண்டாயிட்ட" என்றார்.

அக்லாயியா சிரித்து மழுப்பிவிட்டு என் பக்கம் குனிந்தாள். "நீ ஒரு புனிதவதிடி. வேற ஒருத்தியா இருந்தா இந்நேரம் எங்கயாவது விட்டுட்டு வந்திருப்பா."

அவள் சொன்னதைக் கேட்டுத்தான் எனக்கு யோசனை வந்தது என்று எழுதிவிடாதீர்கள். எனக்கு யோசனை சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு அக்லாயியாவுக்கு மூளை கிடையாது. நிலமுனையைத் தாண்டித் திறந்த கடலுக்கு வந்ததும் அவள் இரண்டாம் வகையில் சேர்ந்துவிட்டாள். இருக்கையில் நீட்டிப் படுத்து, முகத்தைப் பைக்குள் விட்டவள், அர்மிரா வரும்வரை தலை தூக்கவில்லை.

என் கணவருக்குக் கப்பல் ஆட்டம் தாலாட்டு மாதிரி. குழந்தைபோல உட்கார்ந்திருந்தார்.

"எங்க போறோம், ஃபிலியோ?"

"வீட்டுக்கு."

"உன் வீட்டுக்கா?"

"ஆமா."

"அவ தேட மாட்டாளா?"

"மாட்டா."

"ஆமாமா, அவ எங்க தேடப் போறா" என்று சொல்லிச் சிரித்தார். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. ஒரு மனிதன் வருடக்கணக்காக ஒரே இடத்துக்குப் போக ஆசைப்படுகிறான். கப்பல் அந்த இடத்தின் வழியாகத்தான் போகிறது. அழைத்துப்போய் விடுவதில் என்ன கொடுமை இருக்கிறது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பிற்பகலில், கெராதியில் இறங்குகிறவர்கள் கீழே வரவும் என்று அறிவித்தார்கள். அவருக்குத் தடித்த கோட்டைப் போட்டுப் பொத்தான்களை எல்லாம் மாட்டினேன். காது மூடுகிற கம்பளித் தொப்பியும் போட்டுவிட்டேன், குளிர் பட்டுவிடக் கூடாதே என்று. தொப்பி போட்டால் முகம் சரியாகத் தெரியாது என்பதும் உண்மைதான். மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றினேன், தோலை உரசிக்கொண்டிருந்தது. அதை நீங்கள் என் கைப்பையில் கண்டெடுத்தீர்கள். கடலில் எறிந்திருக்கலாமே என்று அப்போது உங்கள் உதவியாளர் முணுமுணுத்தார். கடலில் குப்பை போடும் பழக்கம் எனக்கு இல்லை.

வண்டிகள் நிற்கும் கீழ்த்தளத்துக்குப் போனோம். டீசல் நாற்றம், ஈர இரும்பு, சங்கிலி போட்டுக் கட்டிய லாரிகள். கெராதிக்கு ஒரு வைக்கோல் லாரியும் இரண்டு ஆட்டுக்காரர்களும்தான். கப்பல் அங்கே கயிறு கட்டிக்கூட நிற்பதில்லை. பின்பக்கத்தைத் துறைக்குக் காட்டி, வண்டி இறங்கும் இரும்புப் பலகையை அதில் தொட்டு, இறக்க வேண்டியதை இறக்கிவிட்டு உடனே விலகிவிடும். பலகைக்குப் பொறுப்பான தெமிஸ் என்கிறவன் விசிலடித்துக்கொண்டு லாரிக்காரனோடு கத்திக்கொண்டிருந்தான்.

"வா, வா, வா... நிறுத்துய்யா! கண்ணு பிடரியிலயா இருக்கு? சீக்கிரம் எறங்குங்க, காத்து ஏறுது!"

இவ்வளவு கத்துகிறவனுக்கு வேறு எதையும் பார்க்க நேரம் இருக்காது. நான் என் கணவரின் முதுகில் கை வைத்தேன். தள்ளவில்லை, வைத்தேன். "நீங்க முன்னால போங்க. நான் பைய எடுத்துக்கிட்டு வரேன்" என்றேன். அவர் லாரியின் மறுபக்கமாகப் பலகையில் இறங்கி நடந்தார். எத்தனை வயதானாலும் கப்பல்காரன் நடை போகாது, கால்களை அகட்டி வைத்து, வழுக்கும் இரும்பின்மேல் வீதியில் நடப்பதுபோல நடந்தார். லாரி போயிற்று. ஆட்டுக்காரர்கள் அதன் மேலேயே ஏறிக்கொண்டார்கள். துறையில் அவர் மட்டும் நின்றார். காற்று கோட்டைப் பிடித்து இழுத்தது.

பலகை உயரத் தொடங்கியபோது திரும்பிப் பார்த்தார்.

"அர்கிரோ" என்றார். "நீ வரல?"

ஒரு வருடத்துக்கு மேல் அவர் வாயில் அந்தப் பெயர் வரவில்லை. ஆனால் இயந்திரச் சத்தம், சங்கிலிச் சத்தம், காற்று வேறு. வேறு ஏதாவது சொல்லியிருப்பார். அர்கிரோ என்று காதில் விழக்கூடிய சொற்கள் நம் மொழியில் நிறைய இருக்கின்றன. தெமிஸ் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பலகையை இறக்கியிருப்பான். அவன் என்னைப் பார்த்து, "அம்மா, இங்கெல்லாம் நிக்கக் கூடாது, மேல போங்க" என்றான். கப்பலின் விதி அது. போனேன்.

அவரை அங்கே யார் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தீர்கள் என்று நேற்று கேட்டீர்கள். இப்போது சொல்கிறேன். யாரும் இல்லை. ஃபிலியோ போன வருடத்துக்கு முந்தின வருட வசந்தத்தில் செத்துப்போனாள். அக்லாயியாதான் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து, பயந்து பயந்து அந்தச் செய்தியைச் சொன்னாள். நான் கோயிலில் அவள் ஆத்மாவுக்கு ஒரு மெழுகுவத்திகூட ஏற்றினேன். சின்னது. அவள் வீடு அன்றிலிருந்து பூட்டிக் கிடக்கிறது, சாவி ஏதென்ஸில் இருக்கும் அவள் அண்ணன் மகனிடம். குளிர்காலத்தில் கெராதித் துறையில் ஒரு கடைகூடத் திறந்திருக்காது. ஊர் மலைக்கு மேலே. லாரி போன பிறகு கீழே ஒரு நாய்கூட இருந்திருக்காது. இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரியும் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

இருட்டில் கெராதி கண்ணுக்கு மறையும்வரை காத்திருந்தேன். அக்லாயியாவின் கூடையிலிருந்து ஒரு கீரைப் பலகாரம் எடுத்துச் சாப்பிட்டேன். அவள் சாப்பிடும் நிலையில் இல்லை, வீணாகிவிடும். பிறகு கப்பல் அதிகாரியிடம் போய், என் வீட்டுக்காரரைக் காணோம் என்றேன். நல்ல பையன், உடனே எழுந்துவிட்டான்.

"கெராதில எறங்கிட்டாரோ என்னவோம்மா?"

"இல்ல தம்பி. கெராதி தாண்டி ரொம்ப நேரம் என்கூடத்தான் உக்காந்திருந்தாரு. காத்து வாங்கணும்னு வெளிய போனாரு."

நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். மற்றவை எல்லாம் அவர்களாக நினைத்துக்கொண்டவை. கப்பல் திரும்பி வந்து வட்டமடித்தது. விளக்குப் போட்டு அலைகளைத் தேடினார்கள். அர்மிராவில் நான் இறங்கியபோது ஊரே துறையில் நின்றது. தடையை மீறி மீன்பிடிப் படகுகளை எடுத்துக்கொண்டு ஆண்கள் தேடப் போனார்கள். ஒரு படகு பாறையில் மோதி ஒருவனுக்கு விலா எலும்பு முறிந்தது. அவனைப் போகச் சொல்லி நான் கேட்கவில்லை. வீடு நிறையப் பெண்கள். காப்பி, பிராந்தி, ஒப்பாரி. அக்லாயியா என்னைவிட அதிகமாக அழுதாள். அது கடினமான காரியமில்லை, நான் அழவே இல்லை.

"கடல் அவர திருப்பிக் குடுத்துரும்டி. கேப்டன கடலுக்குத் தெரியாதா?" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"தெரியும்" என்றேன்.

வடகாற்று அடிக்கும்போது வானம் கழுவிவிட்டது போலாகிவிடும். எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து கெராதி நன்றாகத் தெரியும், அதன் மலை, மலையின் மடிப்புகள் எல்லாம். காப்பிக் கோப்பைகளைக் கழுவும்போது அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அப்போது அங்கே உயிரோடு இருந்தார் என்று பிறகு நீங்கள் சொன்னீர்கள். நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை.

காற்று நின்ற பிறகு, ஆடு தேடிப் போன ஒருவன் வளைகுடாவில் அவரைப் பார்த்தான். தன் பெயரே தெரியாத மனிதர் மலையைச் சுற்றி அந்த வீட்டுக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறார். கதவில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்தாராம். குறைந்தது இரண்டு இரவு குளிரைத் தாங்கியிருக்கிறார் என்று உங்கள் மருத்துவர் சொன்னாராம். முப்பது வயது இருதயம். தரையில் கிடைத்த ஒருவர் எப்படிக் கடலில் விழுந்திருக்க முடியும் என்று யோசிக்க உங்களுக்கு ஒரு பகல் முழுக்கத் தேவைப்பட்டது. பரவாயில்லை, வந்து சேர்ந்தீர்கள்.

இன்னொன்றும் சொன்னீர்கள். அவர் அந்த முற்றத்தைப் பெருக்கி வைத்திருந்தார் என்றீர்கள். மழைநீர்த் தொட்டியிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் எடுத்து, மூடி போட்டு, வாசற்படியில் வைத்திருந்தாராம். மலையில் சுள்ளி பொறுக்கி, கதவுக்குப் பக்கத்தில் ஒழுங்காக விறகு அடுக்கி வைத்திருந்தாராம். உள்ளே இருப்பவள் எழுந்து வந்தால் அடுப்பு மூட்டத் தோதாக. நாற்பது வருடத்தில் எங்கள் வீட்டுக்குள் அவர் ஒரு குச்சி எடுத்து வந்ததில்லை. அதைச் சொன்னபோது நான் சிரித்ததாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அது சிரிப்பல்ல, இருமல். இந்த அறை ஈரமாக இருக்கிறது.

சரி. வேலையை முடிப்போம். என் கணவரை அந்தத் துறையில் நான்தான் இறக்கிவிட்டேன். அங்கே யாருமில்லை என்று தெரிந்து, திரும்பிவரக் கப்பல் இல்லை என்று தெரிந்து, அவர் சாவார் என்று தெரிந்து இறக்கிவிட்டேன். ஊர் முழுக்கத் தண்ணீரில் தேடியபோது வாயைத் திறக்காமல் இருந்ததும் நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் பொறாமையால் செய்ததாக மட்டும் எழுதாதீர்கள். அப்படி எழுதினால் உங்களைப் பார்த்து ஊர் சிரிக்கும். யார்மேல் பொறாமை? மண்ணுக்குள் போய்விட்ட ஒரு ஆட்டுக்காரத் தீவுப் பெண்மேலா? அவளிடம் இருந்த எது என்னிடம் இல்லை? எனக்கு அவர்கள் இருவரும் ஒரு பொருட்டே இல்லை. இதைச் சொல்லி முடித்துவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கப் போகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், சும்மாதான். அந்த விறகு. அவரே தன் கையால் அடுக்கியதுதான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?